பிள்ளையாரை விழுங்கிய எடிட்டர்

கப்பலூரில் வெயிலுக்கென்று ஒரு தனி ஷிப்ட் உண்டு. காலையில் சங்கு ஊதுவதற்கு முன்பே வந்து தகரக் கூரைமேல் உட்கார்ந்துவிடும். நாங்கள் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகும் ஓவர்டைம் பார்க்கும். அந்தக் கூரைக்குக் கீழே, பம்புகளுக்கான ரப்பர் வாஷர் செய்கிற ஒரு சிறிய தொழிற்சாலையில், ஸ்டோர் ரூமில் எனக்கு வேலை. அங்கே ரப்பர் வேகும். கூடவே நானும் வேகுவேன். எண்பதுகளின் பிற்பகுதி அது. பெண் கொடுக்க வந்தவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால், எங்கள் வீட்டில் பேச்சை மாற்றிக் காப்பி போடுவது பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்படி இருந்தவனை முதலாளி ஒரு நாள் கூப்பிட்டார். கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வருகிறதென்றும் அதற்கு ஓர் ஆள் வேண்டுமென்றும் சொன்னார். நான்தான் அந்த ஆள். தகுதி என்னவென்றால், சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு தடித்த ருஷ்ய நாவலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

"இம்புட்டுத் தண்டி புஸ்தகம் படிக்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் வராமலா போயிரும்?" என்றார்.

அந்த நாவலில் நான் முன்னுரையைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. தலையணையாகத்தான் அது பெரும்பாலும் பயன்பட்டது. ஆனால் இலக்கியத்தால் வாழ்க்கையில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் இன்றும் சொல்லும் பதில் அதுதான்: ஏசி ரூம்.

ஆமாம், கம்ப்யூட்டருக்கு ஏசி வேண்டும் என்று டீலர் சொல்லிவிட்டார். முதலாளிக்கே ஃபேன்தான். கம்ப்யூட்டருக்குக் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்ற சட்டம், ஜன்னலில் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு ஏசி. சித்திரை மாதக் கப்பலூரில் எனக்கு மட்டும் கொடைக்கானல். வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்தே உள்ளே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். அச்சு வெட்டும் டை மேக்கர் வருவார், லேத் ஆள் வருவார், லாரி டிரைவர் வருவார். "சும்மா, அந்த டிவிய ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேண்ணே" என்பார்கள். பார்ப்பதெல்லாம் ஏசியைத்தான்.

சொர்க்கம்தான், ஒரு குறையைத் தவிர. அங்கே வேலையும் பார்க்க வேண்டியிருந்தது.

வேலை கடிதம் அடிப்பது. அதற்குக் கம்ப்யூட்டரோடு கூடவே எடிட்டர் என்று ஒரு புரோகிராமைக் கொடுத்திருந்தார்கள். அதன் பெயர் வேண்டாம். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தப் பெயரை அடித்தால் கறுப்புத் திரையில் ஒரு நட்சத்திரக் குறி வரும். வேறொன்றும் வராது. நாமாக 'ஐ' என்ற ஆங்கில எழுத்தை அடித்து, எழுத அனுமதி வாங்க வேண்டும். வாங்கினால் ஒரு வரி கிடைக்கும். அந்த வரியை முடித்தால் அடுத்த வரி. முடிந்துபோன வரிக்குத் திரும்பிப் போக முடியாது. தாலுகா ஆபீஸ் ஜன்னலில் நிற்பதுபோல நின்று, "இத்தனையாவது வரியைக் காட்டுங்கள்" என்று நம்பர் போட்டுக் கேட்க வேண்டும். அதை மட்டும் எடுத்து வந்து காட்டும். நடுவில் ஒரு புது வரியைச் செருகினால் அதற்குக் கீழே இருப்பவர்கள் எல்லாருக்கும் நம்பர் மாறிவிடும். அது தெரியாமல் பழைய நம்பரை நம்பி நான் அழித்த வரிகளை ஒன்று சேர்த்தால் அந்த ருஷ்ய நாவல் அளவுக்கு வரும்.

அப்படித்தான் கோயம்புத்தூர் பம்பு கம்பெனி ஒன்றுக்குப் போன கடிதத்தில் 'டியர் சார்' காணாமல் போய், 'தங்கள் உண்மையுள்ள' என்று பொருள்படும் 'யுவர்ஸ் ட்ரூலி' இரண்டு தடவை வந்துவிட்டது.

அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் டைப்பிஸ்ட் அக்கா. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஃபேனுக்குக் கீழே, டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருப்பவர். நான் ஒரு கடிதம் அடிப்பதற்குள் அவர் அன்றைக்குள்ள தபாலை எல்லாம் முடித்து, வெண்டைக்காயும் நறுக்கி வைத்துவிடுவார்.

"ஏன் தம்பி, ஒரு தடவ சொன்னா நம்ப மாட்டாங்கன்னு ரெண்டு தடவ உண்மையுள்ளவனா இருக்கியா?" என்றார் கதவைத் திறந்து. "கதவச் சாத்துங்கக்கா, குளிர் வெளிய போகுது" என்றேன்.

அக்காவின் கிண்டலைத் தாங்கிக்கொள்ளலாம். ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது.

முதலாளி உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கிணற்று மோட்டாரில் வாஷர் அடிக்கடி பிய்ந்துபோனதால் வாஷர்மேல் கோபம் வந்து, அந்தக் கோபத்தையே தொழிலாக மாற்றிக்கொண்டவர். எதைத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்குவார். கடிதத்தில், செக்கில், புது டயரில், சிமென்ட் பூசிய ஈரச் சுவரில், ஒரு தடவை பல் டாக்டர் கொடுத்த சீட்டில். அக்கா டைப் அடிக்கும்போது காகிதத்தின் உச்சி நடுவில் இடம் விடுவார். முதலாளி அங்கே பேனாவால் ஒரு 'உ' போட்டுக் கையெழுத்து வைப்பார். கம்ப்யூட்டரிலும் முதல் எழுத்து அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. கீபோர்டில் உ இல்லை. எல்லாரும் குனிந்து தேடினோம். கடைசியில் அக்காதான், "ரெண்டாம் நம்பர் அதே சாயல்லதான சார் இருக்கு" என்றார். முதலாளி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

நல்ல நேரம் பார்த்து வந்து உட்கார்ந்தார். எடிட்டரைக் கூப்பிடும் பெயரை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். "அஞ்செழுத்துய்யா" என்று அதில் அவருக்கு ஒரு திருப்தி. ஒற்றை விரலால் ஐந்தையும் அடித்தார். நட்சத்திரம் வந்தது. பயபக்தியோடு 2 அடித்து, என்டர் தட்டினார்.

2 போய்விட்டது. அந்த இடத்தில் இன்னொரு நட்சத்திரம் வந்து நின்றது. மறுபடி அடித்தார். மறுபடியும் நட்சத்திரம்.

"என்னய்யா இது, பிள்ளையாரையே முழுங்குது?"

முதலில் ஐ அடித்து அனுமதி வாங்க வேண்டும் என்று விளக்கினேன்.

"பிள்ளையாருக்கு முன்னாடி எதுவும் வரப்படாது. அதுலயும் இங்கிலீசுல 'நான்'னு வரவே வரப்படாது" என்று எழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் முகம் சரியில்லை. அச்சு ஒன்று உடைந்தது. ஒரு ஆர்டர் திரும்பி வந்தது. அவருக்குத் தொண்டை கட்டியது. எல்லாவற்றுக்கும் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். ஒரு நாள் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "ஆயுத பூசைக்கு மறுநாள் விஜயதசமி. காலையில நானே வந்து உக்காருவேன். பிள்ளையார ஏத்துக்கிட்டா இருக்கட்டும். முழுங்குச்சுன்னா டீலர்ட்டயே திருப்பிக் கொடுத்துருவோம். ஏசியக் கழட்டி என் ரூம்ல மாட்டிரு. நீ ஸ்டோருக்குப் போயிரு."

அக்கா அனுதாபத்தோடு கேட்டார்: "ஸ்டோர்ல உன் சேரத் தூசி தட்டி வைக்கச் சொல்லவா தம்பி?"

அந்த ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு ஓடினேன். என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன், ஒரு பாத்திரக் கடை மாடியில் கம்ப்யூட்டர் கோச்சிங் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். கீழே புதுக் குடத்தில் உளியால் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த டொக் டொக் தாளத்துக்கு ஏற்ப மேலே பையன்கள் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

என் கதையை முழுக்கக் கேட்டான். சிரித்தான். "மாப்ள, இன்னுமாடா அதக் கட்டிக்கிட்டு அழுகுற? நகரு" என்று ஒரு ஃப்ளாப்பியைச் செருகி, என்னமோ அடித்தான். திரையில் ஒரு பக்கம் விரிந்தது. வரியல்ல, பக்கம்! வெள்ளைத் தாளை மேசையில் போட்ட மாதிரி, முழுசாக, நட்சத்திரம் இல்லாமல், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாமல்.

"அடிச்சுப் பாரு."

அடித்தேன். அடித்தது அடித்த இடத்திலேயே நின்றது. அம்புக்குறியைத் தட்டினேன். மேலே போனேன். ஐயா, மேலே போக முடிந்தது! கீழே வந்தேன். இடப் பக்கம் போனேன், வலப் பக்கம் போனேன். தவறாக அடித்த எழுத்தின் தலைமேலேயே போய் நின்று அதை அழித்தேன். பின்னால் இருந்த எழுத்துகள் எல்லாம் வரிசையில் ஆள் விலகியதும் முன்னே நகரும் ரேஷன் கடைக் கூட்டம்போல நகர்ந்து வந்தன. ஒரு வரியை நடுவில் செருகினேன். கீழே உள்ளவை எந்த முணுமுணுப்பும் இல்லாமல் இறங்கி இடம் விட்டன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. மாசி வீதிகளைச் சுற்றுகிற மாதிரி அந்தப் பக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பையன்கள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்திரிடா, அடுத்த பேட்ச் நிக்குது" என்றான் நண்பன்.

"ஒரே ஒரு சுத்து மாப்ள."

"நீ என்ன ராட்டினத்துலயா ஏறியிருக்க? எந்திரி!"

ஒரு ஃப்ளாப்பியில் பதிந்து கொடுத்தான். கூடவே புத்திமதி: மடக்காதே, வெயிலில் காட்டாதே, காந்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே, நடுவில் தெரிகிற இடத்தைத் தொடாதே. பச்சைக் குழந்தையைக் கொடுத்தனுப்பும்போதுகூட இவ்வளவு சொல்ல மாட்டார்கள்.

எனக்கு வீடு திருப்பரங்குன்றத்தில். அன்றைக்குப் பார்த்துக் கிருத்திகை. டவுன் பஸ்ஸில் காவடி ஒன்றைத் தவிர எல்லாம் ஏறியிருந்தன. உறையில் போட்ட அந்தக் கறுப்புச் சதுரத்தைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியில் ஏறினேன்.

கண்டக்டர் ஏறிட்டுப் பார்த்தார். "என்னண்ணே, எக்ஸ்ரேயா?"

எனக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் பேசாமல் இருக்க நன்றாக வரும்.

"எக்ஸ்ரே வச்சிருக்காரு, வழி விடுங்கப்பா!" என்று அவர் கூட்டத்தைப் பிளந்தார். ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார். "நெஞ்சுலயா தம்பி?" என்றார். அந்த நேரத்தில் என் மனசு இருந்த பரவசத்துக்கு, நெஞ்சு என்பது பெரிய பொய் இல்லை. மெல்லத் தலையாட்டினேன். இறங்கும்போது திருநீறு பூசிவிட்டார்.

திங்கட்கிழமை முதலாளியிடம் போய், எடிட்டரை மாற்றப் போகிறேன், புதியது பிள்ளையாரை விழுங்காது என்றேன். அவர் யோசித்தார்.

"எத வேணாலும் மாத்து. ஆனா நான் கூப்பிடுற பேரு மாறப்படாது. அஞ்செழுத்து வாயில வந்துருச்சு. இனி இந்த வயசுல இன்னொரு பேரு எனக்கு ஏறாது."

இது ஒரு சிக்கல். புதிய எடிட்டருக்கு வேறு பெயர். அறைக்குள் வந்து ஏசிக்கு நேரே நின்று யோசித்தேன். சட்டென்று பாத்திரக் கடையின் டொக் டொக் காதில் கேட்டது. குடத்தில் எந்தப் பெயரை வெட்டினால் என்ன, தண்ணீர் தண்ணீர்தானே! பழைய எடிட்டருக்கு வேறு பெயரை வெட்டினேன். ஓய்வு பெற்றவர் என்ற பொருளில் ஓர் ஆங்கிலப் பெயர். காலியான அந்த ஐந்தெழுத்தைப் புதியதற்கு வைத்தேன். அடித்துப் பார்த்தேன். பழைய பெயருக்குப் புதிய எடிட்டர், "வந்தேன்" என்று பக்கத்தை விரித்துக்கொண்டு வந்து நின்றது. எழுந்து ஒரு ஆட்டம் போட்டேன். கண்ணாடிக் கதவு என்பதை மறந்துவிட்டேன்.

அக்கா உள்ளே வந்தார். "என்ன தம்பி, கட்டெறும்பு கடிச்சிருச்சா?"

உட்கார வைத்து அம்புக்குறியைக் காட்டினேன். அவர் மேலே போனார், கீழே போனார். பிறகு, "ரப்பர் போட்டு அழிச்சு, கார்பனத் தூக்கி, அத அழிச்சு… எம்புட்டு நாளு!" என்றார். இன்னொரு சுற்றும் போனார். எழுந்திருக்கவில்லை. அடுத்த பேட்ச் நிற்கிறது என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று.

எல்லாம் தயார். ஒன்றை மட்டும் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆயுத பூசையை.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும் பொறுப்பு ஆபீஸ் அண்ணனுடையது. டீ வாங்குவது, தபால் போடுவது, பாங்குக்குப் போவது என்று மற்ற நாளெல்லாம் அவர் வேலை பார்ப்பவர். அன்று ஒரு நாள் வேலையே அவரைப் பார்த்துப் பயப்படும். பிரஸ், லேத், தராசு, ஸ்டேப்ளர், முதலாளியின் அம்பாசடர் என்று ஒன்றையும் விட மாட்டார். நான் பொரியும் கடலையும் வாங்க வரிசையில் நின்றுவிட்டுத் திரும்புவதற்குள் கம்ப்யூட்டர் அறையை முடித்துவிட்டிருந்தார். திரைக்கு மாலை. பிரிண்டருக்குப் பட்டை. கீபோர்டில் ஒவ்வொரு பித்தானிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். சந்தனம் தாராளமாகப் பித்தான்களின் இடுக்கில் வழிந்திருந்தது.

"என்னண்ணே இது, எல்லாத்துலயுமா?"

"எந்த எழுத்து எப்பக் கோவிச்சுக்கிரும்னு யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கு வச்சு ஒருத்தருக்கு வைக்காம விடலாமா?"

அதில் நியாயம் இருந்தது. துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் எடுக்கும்வரை தொடக் கூடாது. அறையைப் பூட்டிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டார். உள்ளே ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. பூசணிக்காய் உடைத்த பரபரப்பில் யாரும் அதை நிறுத்தவில்லை. ரோஸ் வாட்டர் விட்டுக் குழைத்த சந்தனம் அந்தக் காற்றில் எப்படிக் காய்ந்து இறுகும் என்பதைக் கட்டிடக் கலை படித்தவர்கள் அறிவார்கள்.

விஜயதசமி காலையில் நான் போனபோது முதலாளி குளித்து, பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தார். சுற்றி மொத்தக் கம்பெனியும். வாசலில் செருப்பு மலை.

"ஐயா, அந்தச் சந்தனத்த மட்டும் ஒரு நிமிஷம்…"

"சாமிக்கு வச்சதத் துடைப்பியா?"

அவர் கும்பிட்டுவிட்டு ஐந்தெழுத்தை அடித்தார். ஒவ்வொன்றையும் அமுக்கும்போது அப்பளம் உடைகிற சத்தம் வந்தது. என்டர். பக்கம் விரிந்தது. தாயே மீனாட்சி, விரிந்தது! முதலாளி விரலைத் தூக்கி, மூச்சை இழுத்து, 2 என்ற பித்தானை அமுக்கினார்.

பித்தான் உள்ளே போயிற்று. திரும்பி வரவில்லை.

திரையில் ஒரு 2 வந்தது. பக்கத்தில் இன்னொரு 2. அப்புறம் இன்னொன்று. அப்புறம் யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. முதலாளி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுவிட்டார். 2 மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முதல் வரி நிறைந்து இரண்டாம் வரிக்கு வந்தது. அங்கிருந்து மூன்றாம் வரிக்கு. நான் மனசுக்குள் ஸ்டோர் ரூமுக்கு நடக்க ஆரம்பித்தேன். தகரக் கூரை, தூசி தட்டிய நாற்காலி, காப்பி போடுவது பற்றிப் பேசும் என் வீட்டார், எல்லாம் தெரிந்தது.

கையை நீட்டி அந்தப் பித்தானைத் தூக்கப் போனேன்.

"தொடாத!" என்று முதலாளி கத்தினார். திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "அன்னைக்கு ஒண்ணக்கூட ஏத்துக்கல. இன்னைக்குப் பாருய்யா… நான் போட்டது ஒண்ணு. அதுவா போடுது. பக்கம் பூராம் பிள்ளையாரு!"

ஆபீஸ் அண்ணன் சட்டென்று சூடத்தைக் கொளுத்திவிட்டார். லேத் ஆள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரோ ஒருவர், "நூத்தியெட்டு வந்துருக்குமா?" என்றார்.

"அது எப்பவோ தாண்டிருச்சு" என்றார் அக்கா. அவர் குரல் நடுங்கியது. பக்தியில் அல்ல என்பது எனக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் முந்தானையை வாயில் வைத்திருந்தார். திரை முழுசும் நிறைந்து அடுத்த பக்கம் தொடங்கிய பிறகு, சூடத்தைத் தொட்டுக் கும்பிடுகிற சாக்கில் குனிந்து, கொண்டை ஊசியால் அந்தப் பித்தானை நெம்பிவிட்டார். பிள்ளையார்கள் நின்றார்கள்.

"போதும்னு நிறுத்திக்கிருச்சு" என்றார் முதலாளி நெகிழ்ந்துபோய்.

அந்தப் பக்கத்தை அங்கேயே பிரிண்ட் எடுக்கச் சொன்னார். பிரிண்டர் நறநறவென்று அத்தனையையும் அடித்துத் தள்ளியது. ஆபீஸ் வாசலில் சட்டம் போட்டு மாட்டினோம். வருகிறவர்கள் ஏதோ வாய்ப்பாடு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கம்ப்யூட்டர் போகவில்லை, நானும் போகவில்லை. அக்காவும் ஒரு சால்வையோடு உள்ளே வந்துவிட்டார், குளிர் தாங்காது என்று தினமும் திட்டிக்கொண்டே. கடிதங்கள் எல்லாம் உச்சி நடுவில் 2 போட்டுக்கொண்டு புறப்பட்டன. இரண்டாம் பக்கம் வந்தது, முதல் பக்கத்தையும் அனுப்பவும் என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு தடவை எழுதிக் கேட்டார்கள். 'டியர் சார்' ஒரு தடவையும், 'யுவர்ஸ் ட்ரூலி' ஒரு தடவையும் போட்டுப் பதில் எழுதினேன்.

தை மாதம் டீலரின் இன்ஜினியர் சர்வீஸுக்கு வந்தார். டை கட்டியவர். உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் அந்த ஐந்தெழுத்தை அடித்தார். நட்சத்திரத்துக்குப் பதில் பக்கம் விரிந்தது. கையை எடுத்தார். திரையைப் பார்த்தார், கீபோர்டைத் தூக்கி அடியில் பார்த்தார், இடுக்கிலிருந்து ஒரு சந்தனக் கட்டி மேசையில் விழுந்தது. அதையும் பார்த்தார்.

"இது நாங்க கொடுத்த மெஷின்தானா?"

அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "உங்க மெஷின்தான் சார். இப்பத்தான் சாமி கும்பிடப் பழகியிருக்கு. செருப்பக் கழட்டி வெளிய விட்டுட்டு வாங்க."